கரும்பாறைத் தடத்தில் ஒரு சுருக்கு

ஆவணி பிறந்து நாலாம் நாள், ஒரு வியாழக்கிழமை விடியலில், இலத்தூர் முப்பிடாதி தன் மட்டக்குதிரையையும் நாயையும் கூட்டிக்கொண்டு தனியாக மலையேறினான். தனியாகப் போனான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அய்யாக்குட்டி இல்லாமல் அவன் வேட்டைக்குப் போனதே கிடையாது. ஒருவன் இருமினால் மற்றவன் தொண்டையைச் செருமுவான் என்று ஊரில் கேலி பேசும் அளவுக்கு இருந்த சிநேகம் அது.

ஊருக்குத் தெரிந்து முப்பிடாதிக்குத் தொழில் எஸ்டேட் சுமை. குற்றாலத்துக்கு மேலே மலையில் இருக்கும் கிராம்புத் தோட்டத்துக்கு அரிசி, பருப்பு, டீசல் எல்லாம் குதிரை முதுகில் ஏற்றிப் போவான். வரும்போது கிராம்பும் ஜாதிக்காயும் மூட்டையாக இறங்கும். செவ்வாயும் சனியும் அவன் முறை. காட்டிலாகா கேட்டில் அவனையும் ரோசா என்ற அந்தக் குதிரையையும் தெரியாதவர்கள் கிடையாது. ஊருக்குத் தெரியாத தொழில் அரிசி மூட்டைக்குள் இருந்தது. குழல் தனி, கட்டை தனியாகக் கழற்றிச் சாக்கில் சுற்றிய நாட்டுத் துப்பாக்கி. அவன் அப்பா காலத்துச் சாமான். அதற்கு நம்பரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. வருஷத்துக்கு நாலைந்து தடவை ஒரு பன்றியோ மிளா என்கிற பெரிய மானோ விழும். கறி புளியறைக்குப் போகும்.

அந்த வருஷம் ஆனியில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, அவர்கள் இறங்குகிற இடத்தில் காட்டிலாகா ஆட்கள் காத்துக்கொண்டு இருந்தார்கள். சும்மா ரோந்து வந்தவர்கள் மாதிரி இல்லை. இந்தப் பாறை, இந்த நேரம் என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவை சூரா காற்றில் மூக்கை வைத்து உறுமியதில் தப்பினார்கள். சூரா அவன் நாய், செவலை நிறம், இடுப்பு ஒட்டிய வேட்டை ஜாதி. இரண்டாம் தடவை கறியைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு கடையை மணிகண்டபிரபு நடத்திவந்தான். கறி எடுப்பவன் அவன்தான். ஆடி நடுவில் முப்பிடாதி அங்கே போனபோது, அவன் புரோட்டாக் கல்லுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணாச்சி, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அய்யாக்குட்டி அண்ணாச்சிய ரேஞ்ச் ஆபீஸ் வாசல்ல ரெண்டு மட்டம் பாத்தேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீய."

மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லி எடுத்து வைத்தது எந்த மனசிலிருந்து இறங்கியிருக்கிறது? முப்பிடாதி மறு திங்கட்கிழமை ரேஞ்ச் ஆபீஸுக்கு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தான். பதினோரு மணிக்கு அய்யாக்குட்டி உள்ளேயிருந்து வெளியே வந்தான். கையில் ஒரு காகிதம். அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தான். முப்பிடாதி கூப்பிடவில்லை. வாயில் இருந்த டீ கசந்தது.

அதன் பிறகு பேச்சு நின்றது. அய்யாக்குட்டி இரண்டு தடவை போன் பண்ணினான். இவன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வரவே இல்லை. வராததையும் முப்பிடாதி குற்றத்துக்குச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டான். குற்றமில்லாதவன் என்றால் வீடு தேடி வந்து சண்டை போட்டிருக்க மாட்டானா?

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. யாரிடமும் சொல்லாமல், முறையில்லாத ஒரு நாளில், தனியாகப் போக வேண்டும். ஆட்கள் யாரும் காத்திருக்கவில்லை என்றால், காட்டிக்கொடுத்தவன் அய்யாக்குட்டிதான். வேறு அத்தாட்சி வேண்டாம்.

காலையில் குதிரைக்குச் சேணம் கட்டும்போது அவன் மனைவி முத்துலட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு லோடு கிடையாதே?"

"மேனேஜர் போன் பண்ணினாரு. அரிசி தீந்துட்டாம்."

"போன் எப்ப வந்துச்சு? நான் பாக்கலியே."

"நீ எல்லாத்தையும் பாத்துக்கிட்டா இருக்க?" என்று எரிந்து விழுந்தான். அவள் அய்யாக்குட்டியின் மனைவி சங்கரேஸ்வரியோடு தினமும் பேசுகிறவள். தன் பெண்டாட்டியிடமே பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று ஒரு பக்கம் உறுத்தியது. இன்னொரு பக்கம், இவள் இப்போது யாருக்குப் போன் போடுவாளோ என்று தோன்றியது.

காட்டிலாகா கேட்டில் காவலுக்கு இருந்த மசூது, பாதையை மறித்த தடியைத் தூக்காமல் குதிரையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"வியாழக்கிழம வருதீரே, என்ன விசேஷம்?"

"அவசரச் சரக்கு, அண்ணாச்சி."

"ம்." அவ்வளவுதான் சொன்னார். தடி உயர்ந்தது. ஆனால் ஐம்பதடி போய்த் திரும்பிப் பார்த்தபோது மசூதின் கையில் செல்போன் இருந்தது. வீட்டுக்குப் பேசுகிறாரா, ஆபீஸுக்கா? பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் முப்பிடாதி மேலே நடந்தான்.

பழைய குற்றாலத்து அருவிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போயிற்று. சாரல் விட்டிருந்தது. ஆனாலும் மரங்களில் நின்ற தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எஸ்டேட் பாதை இடப்பக்கம் திரும்புகிற இடத்தில், வலப்பக்கம் ஒரு தடம் பிரியும். தெரியாதவர்கள் கண்ணுக்கு அது வெறும் புதர்தான். கரும்பாறை என்கிற வழுக்குப் பாறையைச் சுற்றிப் போய், மிளாக்கள் தண்ணீர் குடிக்கிற ஒரு பள்ளத்தில் முடியும். அவனும் அய்யாக்குட்டியும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்த வழி. முப்பிடாதி குதிரையின் கழுத்து மணிக்குள் துணியை அடைத்துவிட்டு அதில் இறங்கினான்.

நூறடி போவதற்குள் அவன் நின்றுவிட்டான்.

தடத்தின் குறுக்கே சாய்ந்திருந்த ஒரு கொப்பை யாரோ வெட்டியிருந்தார்கள். வெட்டு இடது பக்கத்திலிருந்து சரிந்து இறங்கியிருந்தது. இடதுகைக்காரன் வெட்டு. பால் வடிந்து காய்ந்திருந்தது, அதனால் நேற்றைய வெட்டு. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஈர மண்ணில் வெறுங்கால் தடம். வலது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

அய்யாக்குட்டிக்குச் சுண்டுவிரல் போனது பத்து வருஷத்துக்கு முன்னால், கண்ணாடிவிரியன் கடித்து. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது முப்பிடாதிதான்.

சூரா அந்தத் தடத்தை முகர்ந்தது. உறுமவில்லை. வாலை ஆட்டியது. அய்யாக்குட்டி வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த நாய் அது.

ஒரு நாள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருக்கிறான். நான் இன்றைக்கு வருவேன் என்று எப்படித் தெரியும்? முத்துலட்சுமிக்கே இன்று காலையில்தானே தெரியும்? அல்லது தினமும் இங்கே ஆள் இருக்கிறதா? மேலே எத்தனை பேர்? திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. போகக் கூடாது, அவன் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கோபம் தடுத்தது. துப்பாக்கியை எடுத்துப் பூட்டினான். வெடிமருந்து இட்டான். குதிரையைத் தடத்திலிருந்து விலக்கி, ஈத்தை என்கிற மெல்லிய மூங்கில் புதருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து நகர்ந்தான்.

பள்ளத்தை எட்டிப் பார்த்தபோது, தண்ணீரோரம் ஒரு மிளா நின்றது. கொம்பு கிளைத்த கடா. நாற்பதடி கூட இல்லை, பக்கவாட்டாக, அசையாமல் நின்றது. அவன் வாழ்நாளில் இப்படி நின்று கொடுத்த மிருகம் இரண்டோ மூன்றோதான். துப்பாக்கி தோளுக்கு ஏறியது. விரல் அழுத்தவில்லை. வெடித்தால் அந்தச் சத்தம் மிளாவுக்கு மட்டுமா கேட்கும்? எந்தப் பாறைக்குப் பின்னால் எவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்? மிளா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. அவசரமே இல்லாமல் ஏறிப் போயிற்று. சுடாமல் விட்டது அவனுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தையும் அய்யாக்குட்டி கணக்கிலேயே எழுதினான்.

அப்போது சூரா காதை விடைத்தது. ஒரு முனகல் போட்டுவிட்டுக் கரும்பாறைப் பக்கம் பாய்ந்தது. ரோசாவும் அதே திசையில் முகத்தைத் திருப்பிச் செருமியது. முப்பிடாதி குதிரையை மரத்தில் கட்டிவிட்டு, துப்பாக்கியை முன்னால் நீட்டிக்கொண்டு போனான்.

பாறையின் அடிவாரத்தில், வேர்களுக்கு நடுவே, அய்யாக்குட்டி கிடந்தான். வலது காலில் கம்பிச் சுருக்கு விழுந்து, கணுக்காலைக் கவ்வியிருந்தது. அதன் மறுமுனை மேலே ஒரு மரத்தடியில் போய்ச் சேர்ந்தது. கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு புதுத் திருப்பம் திரும்பியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. நாய் அவன் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. இவனைக் கண்டதும் அவன் கை அரிவாளைத் தேடி எடுத்தது.

"அங்கனயே நில்லு," என்றான் அய்யாக்குட்டி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "கிட்ட வந்த, வெட்டிருவேன்."

"என்னலே சொல்லுத?"

"சொன்னபடி செஞ்சிட்டல்லா? மலைல கால் வச்சா முடிச்சிருவேன்னு சொன்னியாமே. சுருக்கு வச்சது பத்தாதுன்னு துப்பாக்கியோட வேற வந்திருக்க. சுடுலே. சுட்டுட்டுப் போ."

முப்பிடாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. காட்டிக்கொடுத்தவன் தன்னைப் பார்த்து நடுங்குகிறான். நடிப்பா? ஆள் வரும் வரைக்கும் நேரம் கடத்துகிறானா? சுற்றிலும் பார்த்தான். சூரா வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. குதிரையும் சத்தம் காட்டவில்லை. அந்தக் காட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

ஒரு கணம், ஒரே கணம், அவன் மனம் போகக் கூடாத இடத்துக்குப் போயிற்று. நான் இங்கே வந்தது யாருக்கும் தெரியாது. இவன் இங்கே கிடப்பதும் யாருக்கும் தெரியாது. திரும்பி நடந்தால் போதும். "சூரா, வா," என்று கூப்பிட்டுப் பார்த்தான். நாய் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. அய்யாக்குட்டியின் தொடை மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.

முப்பிடாதி துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைத்தான். பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"யாருலே உன்கிட்ட அப்படிச் சொன்னது?"

"பிரபுதான். வேற யாரு? உன்னய நான் காட்டிக் கொடுத்தேன்னு நீ ஊரெல்லாம் சொல்லுதியாம். கையில கெடைச்சா உசுரோட விடமாட்டேன்னு கடையில நின்னு கத்துனியாம்."

"நான் கத்துனேனா? அந்த மூதிதான், உன்னய ரேஞ்ச் ஆபீஸ்ல பாத்தேன்னு எங்கிட்ட வந்து சொன்னான். பொய்யின்னு சொல்லிராத. நானே கண்ணால பாத்தேன். கையில காயிதம் இருந்துச்சு."

அய்யாக்குட்டி கண்ணை மூடினான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. செத்துவிட்டானோ என்று முப்பிடாதி எழுந்தான்.

"வாட்சர் வேலைக்கு மனு," என்றான் அய்யாக்குட்டி, கண்ணைத் திறக்காமலே. "வேட்டைத் தடுப்புக்கு ஆள் எடுக்காவன்னாங்க. நாப்பத்தஞ்சு வயசாச்சு. ஓடி ஓடி முட்டு தேஞ்சு போச்சு. உங்கிட்ட எப்படிலே சொல்ல? வேட்டைக்காரன் வேட்டையத் தடுக்க மனுப் போட்டா நீ சிரிக்க மாட்டியா?"

"போன எடுத்திருந்தா சொல்லியிருப்பியோ?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நேத்து இங்க எதுக்கு வந்த?"

"உன்கூட இப்ப யாரு வருதான்னு பாக்கத்தான். எனக்குப் பதிலா எவனையாவது சேத்துக்கிட்டியான்னு. தடம் ஏதும் கெடக்கான்னு தேடி வந்தேன். மேல நடக்கையில கால இழுத்துச்சு. அவ்வளவுதான் தெரியும். வீட்டுல வெளியூருக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்ததுல தேடக்கூட ஆளில்ல. ராத்திரி பூரா இலைல நின்ன தண்ணிய நக்கிக்கிட்டுக் கெடந்தேன்."

முப்பிடாதி கிட்டே போனான். அரிவாள் உயரவில்லை. முதலில் தண்ணீர் கொடுத்தான். பிறகு மேலே ஏறி மரத்தடியில் கம்பியைப் பார்த்தான். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி, புத்தம் புதுசு, துரு ஏறவில்லை. முடிச்சு அவர்கள் ரெண்டு பேர் போடுகிற முடிச்சும் இல்லை. சுருக்கு வைப்பது அவனுக்கு எப்போதுமே பிடிக்காத வேலை. கர்ப்பிணி என்று பார்க்காது, குட்டி என்று பார்க்காது. தடத்தோடு இன்னும் முப்பதடி நடந்தான். இரண்டாவது சுருக்கு. அப்புறம் மூன்றாவது. வரிசையாக, அளந்து வைத்த மாதிரி.

கீழே வந்து, கையில் பிடுங்கிய கம்பிகளை அய்யாக்குட்டி முன்னால் போட்டான்.

"இந்தத் தடம் நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன தையில் கறி அதிகமாகி, சுமக்க ஆளில்லாமல், ஒரே ஒரு தடவை மணிகண்டபிரபுவை இங்கே வரை கூட்டி வந்திருந்தார்கள். அவன் வழியெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தான். அருவி அழகாக இருக்கிறது என்றான்.

"காட்டிலாகாவுக்குச் சொன்னவனும் அவன்தாம்லே," என்றான் அய்யாக்குட்டி. "நம்மள ஒதுக்கிட்டு, அவன் ஆளுகள இதுல எறக்கியிருக்கான்."

"இருக்கும்," என்றான் முப்பிடாதி. நம்பினான் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று வாரம் ஊறிய சந்தேகம் மூன்று வார்த்தையில் வடிந்துவிடுமா?

வேட்டியைக் கிழித்து, ஈத்தைக் கம்புகளை வைத்துக் காலைக் கட்டினான். அய்யாக்குட்டி கத்திய கத்தலில் குருவிகள் கலைந்தன. அரிசி மூட்டையைத் தள்ளிவிட்டு அவனைக் குதிரை மேல் ஏற்றுவதற்குள் ஒரு மணி நேரம் ஆயிற்று. சரிவில் இறங்கும்போது ஒரு கை கடிவாளத்தில், ஒரு கை அவன் இடுப்பில் இருந்தாக வேண்டும். துப்பாக்கிக்குக் கை இல்லை. குழலையும் கட்டையையும் சாக்கில் சுற்றிக் கரும்பாறை இடுக்கில் திணித்து, கல்லை வைத்து அடைத்தான். குதிரை மேலிருந்து அய்யாக்குட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோசா அன்றைக்கு நடந்த நடையை முப்பிடாதி கடைசிவரை மறக்கவில்லை. சுமை எதுவென்று தெரிந்த மாதிரி, குளம்பை வைக்குமுன் கல்லைத் தடவிப் பார்த்து வைத்தது. செல்போனுக்கு உயிர் வந்த இடத்தில் நூற்றெட்டுக்குப் போன் போட்டான். கேட்டில் மசூது ஓடி வந்து தடியைத் தூக்கினார். அருவியில் குளித்துவிட்டு வந்த ஜனங்கள், ஈர உடம்போடு, குதிரை மேல் தொங்கி வருகிற ஆளைச் செல்போனில் எடுத்தார்கள்.

தென்காசி பெரியாசுபத்திரிக்கு வனவர் ஆறுமுகநயினார் சாயங்காலமே வந்துவிட்டார். நிதானமான மனுஷர். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்பவன் வாயைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார்.

"நீரு அங்க எதுக்குப் போனீரு?"

முப்பிடாதி வாயைத் திறக்குமுன் கட்டிலிலிருந்து அய்யாக்குட்டி சொன்னான்: "தேனெடுக்க நான்தான் போனேன், சார். எஸ்டேட்டுக்குப் போற வழியில இவன் குதிரை கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. அதத் தேடி வந்த எடத்துல என்னயப் பாத்துட்டான். அவன் வரலன்னா நான் எலும்புதான்."

ஆறுமுகநயினார் கம்பிகளை வாங்கிக்கொண்டார். முப்பிடாதியின் வலது தோளில் துப்பாக்கிக் கட்டை பட்டுப் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை எஸ்டேட் சுமையோடு போனபோது, முப்பிடாதி கரும்பாறைக்கு விலகிப் போய்க் கல்லை நகர்த்தினான். இடுக்கு காலியாக இருந்தது. சாக்குகூட இல்லை. அந்த இடம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

இறங்கிய கையோடு ஆசுபத்திரிக்குப் போனான். காலில் மாவுக்கட்டோடு அய்யாக்குட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். சங்கரேஸ்வரி பாத்திரம் கழுவ எழுந்து போகும்வரை இவன் நின்றான்.

"சாமான் அங்க இல்ல."

"தெரியும்," என்றான் அய்யாக்குட்டி. சுளையை வாயில் போடவில்லை. "நாந்தான் வனவர்கிட்ட எடத்தச் சொன்னேன். யார் துப்பாக்கின்னு சொல்லல. சுருக்கு வச்சவனுக விட்டுட்டுப் போனதா இருக்கும்னேன். ஆளில்லாத துப்பாக்கின்னு எழுதிக்கிட்டாவ. உம்பேரு எங்கயும் கெடையாது."

முப்பிடாதி கட்டிலை ஒட்டிப் போய் நின்றான். "எங்கய்யா வச்சிருந்ததுலே அது."

"அதனாலதான் நீயா விட மாட்ட. அது இருக்குற வரைக்கும் நீ போவ. நீ போனா நான் இனி உன்கூட வர முடியாது. அடுத்த மட்டம் சுருக்குல நீ கெடந்தா தூக்கிட்டு வர எவன் இருக்கான்?"

முப்பிடாதி வெளியே வந்தான். அந்த வாரமே கரும்பாறைத் தடத்தில் சுருக்கு வைத்த இரண்டு பேரைக் காட்டிலாகா பிடித்தது. அவர்கள் மணிகண்டபிரபுவின் பேரைச் சொன்னார்கள். புளியறைக் கடையில் கொஞ்ச நாள் பூட்டு தொங்கியது. ஆனியிலும் ஆடியிலும் காட்டிலாகாவுக்குத் துப்புக் கொடுத்ததும் அவன்தானா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கார்த்திகையில் அய்யாக்குட்டிக்கு வாட்சர் வேலை கிடைத்தது. துப்பாக்கியும் சுருக்கும் பிடிபடத் தகவல் கொடுத்தவர் என்று ஆறுமுகநயினார் சிபாரிசு பண்ணினாராம். சிநேகிதனுக்காகச் சொன்னானா, வேலைக்காகச் சொன்னானா என்று முப்பிடாதி ராவும் பகலும் யோசித்தான். இரண்டுக்கும் ஒரே அளவு நியாயம் இருந்தது. கேட்டிருந்தால் அய்யாக்குட்டி ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பான். அதை நம்புவதா வேண்டாமா என்று இன்னொரு யோசனை தொடங்கியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

இப்போது செவ்வாயும் சனியும் அவன் கேட்டுக்குப் போகும்போது, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்து அய்யாக்குட்டிதான் தடியைத் தூக்குகிறான். சூரா அவன் மேல் தாவும்.

"மூட்டைய அவுத்துக் காட்டு," என்பான்.

"எல்லா மூட்டையுமா?"

"எல்லா மூட்டையுந்தான்."

முப்பிடாதி ஒவ்வொன்றாக அவிழ்ப்பான். அய்யாக்குட்டி ஒவ்வொன்றிலும் கையை விட்டு அடி வரைக்கும் தடவிப் பார்ப்பான். அரிசிதான் இருக்கும்.